வாசகர் கேள்விகள்: ஏட்டில் உரையாடல், கணினியில் உரையாடல்

அண்மையில் வந்த கடிதங்களில் உரையாடல் பற்றிய கேள்விகள் சில சேர்ந்திருந்தன. இலக்கியம் பயில்பவர்களும் மென்பொருள் துறையில் இருப்பவர்களும் ஒன்றையே வெவ்வேறு பக்கங்களிலிருந்து கேட்டிருப்பதால், அவற்றை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: தமிழ் வகுப்பில் உரையாடல் என்றால் இருவர் பேசிக்கொள்வது. கணினி வகுப்பிலோ திரையில் தோன்றும் ஒரு சிறு பெட்டியை ‘உரையாடல் பெட்டி’ என்கிறார்கள். அதில் யாரும் பேசுவதில்லையே! இரண்டுக்கும் உண்மையான உறவு உண்டா, அல்லது பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டதா?
— கணினிப் பயன்பாட்டியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: பெயர் தற்செயலாக ஒட்டிக்கொண்டதன்று. 1950களில் கணினியைப் பயன்படுத்தியவர், தம் நிரலைத் துளை அட்டைகளில் பதிந்து கணினி அறையில் கொடுத்துவிட்டு, பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ அச்சிட்ட தாள்களாக விடையைப் பெற்றுக்கொண்டார்; நடுவில் ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்து காட்டப்பட்ட நேரப் பகிர்வு முறை இந்த நிலையை மாற்றியது. தட்டச்சு முனையங்களின் முன் அமர்ந்த பலரும் ஒரே கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்தவும், ஒரு வரியைத் தட்டியவுடன் அதற்கான பதில் வரியைப் பெறவும் அது வழி செய்தது. ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் அதற்கு விடை சொல்லும் இந்த முறைமாற்றமே உரையாடல் என்ற எண்ணத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தது. பின்னர் சாளரங்களும் சுட்டியும் வந்தபோது, வேலையை நிறுத்திப் பயனரிடம் ஒன்றைக் கேட்கும் சிறு சாளரத்துக்கும் அதே பெயர் அமைந்தது. கருவிகள் தமக்குள் செய்திகளைப் பரிமாறிக்கொள்வதற்கும் இப்பெயர் உண்டு: இணையவழித் தொலைபேசி அழைப்புகளை நடத்தும் ‘சிப்’ நெறிமுறையின் 2002ஆம் ஆண்டு வரையறை, ஓர் அழைப்பில் இரு முனைகளுக்கிடையே நிலைக்கும் தொடர்பை ‘டயலாக்’ என்றே குறிக்கிறது.

ஆயினும் உண்மையான உறவு இதைவிட நெருக்கமானது என்பது என் கருத்து. நாடகத்திலும் கதையிலும் இருவர் பேசுவதாகத் தோன்றினாலும் எழுதும் கை ஒன்றுதான். உரையாடல் பெட்டியிலும் அப்படியே: கேள்வியை எழுதியவரே, நாம் சொல்லக்கூடிய விடைகளையும் பொத்தான்களாக எழுதி வைத்துவிடுகிறார். கதைமாந்தருக்கு ஆசிரியரை மீறும் விருப்பம் கிடையாது; பெட்டியின் முன் அமர்ந்திருப்பவருக்கு உண்டு. அந்த விருப்பத்தைச் சொல்லப் பெட்டியில் இடம் இருக்கிறதா என்பதுதான் கணினி உரையாடலின் தீராத சிக்கல். கீழே வரும் கேள்விகள் பலவும் இதையே தொடுகின்றன.

கேள்வி: சங்க அகப்பாடல்களில் ஒருவர்தான் பேசுகிறார், எதிரில் இருப்பவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இவற்றை உரையாடல் இலக்கியம் என்று மாணவர்களுக்குச் சொல்வது பொருந்துமா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: பொருந்தும் என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. செய்யுளின் உறுப்புகளாக 34ஐ எண்ணும் செய்யுளியல், எழுத்து, அசை, சீர், அடி ஆகியவற்றோடு கூற்றையும் கேட்போரையும் களனையும் சேர்த்து எண்ணுகிறது. பேசுபவர் யார் என்பதைப் போலவே கேட்பவர் யார், எங்கே என்பதும் செய்யுளின் உறுப்புகள்; அவற்றை நீக்கிவிட்டால் பாட்டு குறைபட்டது. அந்தப் பட்டியலில் ‘முன்னம்’ என்று இன்னோர் உறுப்பும் உண்டு. இந்த இடத்தில் இந்தச் சொல்லை இன்னார் இன்னாருக்குச் சொல்லுதல் உரியது என்று கேட்பவர் குறிப்பால் உணரும்படி அமைப்பது முன்னம். எதிரில் இருப்பவரின் மௌனம் இந்த இலக்கணத்தில் வெற்றிடமாக விடப்படவில்லை. தலைவன் வேலிப்புறத்தில் நிற்க, தலைவி தோழியிடம் பேசுவதுபோல் அவனுக்குச் சொல்லும் பாடல்களில், சொல் ஒருவரை நோக்கியும் பொருள் மற்றொருவரை நோக்கியும் போகிறது. இருவர் மாறிமாறிப் பேசும் எளிய உரையாடலைவிட இது ஒரு படி சிக்கலானது.

ஒரே கூற்றுக்குள் பல குரல்கள் அடங்குவதற்குக் கலித்தொகையின் 51ஆம் பாடலைப் பாருங்கள். தெருவில் மணல்வீட்டைக் காலால் சிதைத்தும் பந்தைப் பறித்தும் தொல்லை கொடுத்த சிறுவன், வளர்ந்த பிறகு ஒருநாள் வீட்டு வாயிலில் வந்து, உண்ண நீர் வேண்டும் என்கிறான். தாய் சொல்லி அனுப்ப, நீர் கொண்டுபோன தலைவியின் கையை அவன் பற்றுகிறான். அவள் திடுக்கிட்டு, “அன்னாய், இவனொருவன் செய்தது காண்” என்று கூவுகிறாள். தாய் பதறி ஓடிவந்ததும், அவள் சொல்வது “உண்ணுநீர் விக்கினான்” என்பது. தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். முழுதும் தலைவி தோழிக்குச் சொல்வது. உள்ளே மூவர் பேசுகிறார்கள். முதற்கூவலுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் இடையில் அவள் மனம் மாறியதை எந்த வருணனையும் சொல்லவில்லை. அவள் தாயிடம் சொன்ன பொய்தான் சொல்கிறது.

எதிரெதிரே நின்று பேசுவதன் உச்சத்துக்கு மாணவர்களைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைக்கு அழைத்துச் செல்லுங்கள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று பாண்டியன் அரசநீதியைச் சொல்கிறான். அந்த நீதியோடு கண்ணகி வாதிடவில்லை. தன் சிலம்பின் உள்ளிடு பரல் மாணிக்கம் என்று மட்டும் சொல்கிறாள். அவள் சொன்னது நல்ல மொழி என்று ஏற்று, “யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே” என்கிறான் அவன். வழக்கு அந்த ஒரு வரியில் தீர்ந்துவிட்டது. சிலம்பை உடைப்பது அதை மெய்ப்பிக்கும் செயல் மட்டுமே. வந்தவளை வெளியே அனுப்பும் அதிகாரம் அரசனுக்கு இருந்தது. அவன் விடை சொல்லத் தேர்ந்தான். அந்த விடையே அவனை வீழ்த்தியது. விடை சொல்பவர் அந்த விடையால் தாமே மாறிப்போகும் வாய்ப்பு இருக்கும்போதுதான் பேச்சு உரையாடலாகிறது என்று இந்தக் காட்சியை வைத்து நான் சொல்லத் துணிவேன்.

கேள்வி: தத்துவமும் அறிவியலும் எழுதியவர்கள் ஏன் உரையாடல் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? நேரே சொல்லிவிட்டுப் போகலாமே!
— வாசகர், புதுச்சேரி

பதில்: காரணங்கள் ஆளுக்கு ஆள் வேறு. பிளேட்டோவின் உரையாடல்களில் அவர் தாமே ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. சாக்ரடீஸையும் பிறரையும் பேசவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ‘ஃபீட்ரஸ்’ என்னும் உரையாடலில் சாக்ரடீஸ் எழுத்தின்மீது ஒரு குறை சொல்கிறார்: எழுத்து ஓவியத்தைப் போன்றது, உயிருள்ளதுபோல் நிற்கும், கேள்வி கேட்டால் மௌனம் காக்கும், எத்தனை முறை கேட்டாலும் ஒன்றையே சொல்லும். அந்தக் குறையை எழுத்தில் பதிந்தவர் பிளேட்டோ என்பது வேடிக்கை. கேள்வி கேட்பவரையும் எழுத்துக்குள்ளேயே அமர்த்திவிடுவது அவர் கண்ட வழி.

கலிலியோவுக்கு அது கவசமாகவும் இருந்தது. பூமி சுற்றுகிறது என்று தம் பெயரில் வாதிடாமல், 1632இல் வெளியான நூலில் சால்வியாதி, சக்ரேதோ, சிம்ப்ளிச்சியோ என்னும் மூவரை நான்கு நாள் பேசவிட்டார். கவசம் காக்கவில்லை. போப்பாண்டவர் எட்டாம் உர்பானுக்குப் பிடித்தமான வாதத்தை, நூலில் தோற்றுக்கொண்டே போகும் சிம்ப்ளிச்சியோவின் வாயில் வைத்தது அவருக்குப் பெரும் வினையாயிற்று. 1633இல் விசாரணையும் வீட்டுக்காவலும் வந்தன. பாத்திரம் பேசியதற்கு ஆசிரியர் பொறுப்பல்லர் என்ற வாதம் அன்றும் எடுபடவில்லை.

கேள்வி: நான் வேலை செய்யும் அலுவலகத்தில் நாள் முழுதும் கணினியில் பெட்டிகள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. ‘சரி’, ‘ரத்து’ இவற்றைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாதா? என்ன கேட்கிறது என்று படிக்காமலேயே ‘சரி’யை அழுத்த எல்லோரும் பழகிவிட்டோம்.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் குறையை விளக்க நன்னூலே போதும். பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ‘இதைச் செய்வாயா?’ என்று கேட்டால் ‘செய்வேன்’ என்பது நேர்விடை, ‘செய்யேன்’ என்பது மறைவிடை. எது என்று கேட்டவருக்கு ‘இது’ என்று காட்டுவது சுட்டுவிடை. இம்மூன்றும் நேரடியானவை. மற்ற ஐந்தும் சுற்றிவந்து பொருள் உணர்த்துபவை. ‘நீயே செய்’ என்றால் ஏவல். ‘செய்யாமல் இருப்பேனா?’ என்றால் வினா எதிர் வினாதல். ‘கை வலிக்கிறது’ என்றால் உற்றது உரைத்தல், ‘செய்தால் கை வலிக்கும்’ என்றால் உறுவது கூறல், ‘வேண்டுமானால் மற்றதைச் செய்கிறேன்’ என்றால் இனமொழி விடை.

உரையாடல் பெட்டிக்குத் தெரிந்தவை நேரும் மறையும். கோப்புகளின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சுட்டும் உண்டு. மீதி ஐந்துக்கு இடமில்லை. மனிதர்களோ அன்றாடம் அந்த ஐந்தில்தான் பெரிதும் புழங்குகிறார்கள். வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்தால் ‘தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ என்று தொடங்கும் குரலும் இதே இனம். ‘நேற்றே புகார் கொடுத்தேன்’ என்ற விடைக்கு அதில் எண் கிடையாது. பிரிட்டனில் பிறந்த மெய்யியலாளர் பால் கிரைஸ், சொன்னதற்கும் உணர்த்தியதற்கும் உள்ள இடைவெளியைக் கேட்பவர் எப்படிக் கடக்கிறார் என்பதை 1975இல் வெளியான கட்டுரை ஒன்றில் ஆராய்ந்தார். பேசுபவர் பொருத்தமாகத்தான் பேசுவார் என்று கேட்பவர் நம்புகிறார். அதனால்தான் ‘கை வலிக்கிறது’ என்பதை மறுப்பாக எடுத்துக்கொள்ள முடிகிறது என்பது அவர் விளக்கம். மனித மொழியியல் இப்படி விரிந்துகொண்டிருந்த காலத்தில் பெட்டிகள் குறுகிக்கொண்டு போயின.

பொத்தானில் என்ன எழுதுவது என்பதே ஒரு கதை. ஆப்பிள் நிறுவனம் 1983இல் வெளியிட்ட லிசா கணினியை உருவாக்கிய காலத்தில், ‘இதைச் செய்’ என்ற பொருளில் ‘டூ இட்’ என்ற ஆங்கிலச் சொற்களைப் பொத்தானில் இட்டிருந்தார்கள். சோதனைக்கு அழைத்து வந்த பயனர்கள் அங்கே வந்ததும் தடுமாறினார்கள். அந்த எழுத்துருவில் இரு சொற்களுக்கு நடுவே இடைவெளி போதாமல், அது ‘டோல்ட்’, அதாவது மடையன், என்று படிக்கப்பட்டது. ஒருவர், தம்மை ஏன் மடையன் என்கிறது என்று கோபித்துக்கொண்டாராம். அதன்பிறகே இன்று நாம் காணும் ‘ஓகே’ வந்தது. தமிழில் அதுவே ‘சரி’.

எம்.எஸ்.-டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு காட்சி தெரியும். பிளாப்பி வட்டை இடாமல் அதைப் படிக்கச் சொன்னால், கைவிடலாமா, மீண்டும் முயலலாமா, தோல்வி என்று விடலாமா என்று மூன்று விடைகளை நீட்டும். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் என்ன வேறுபாடு? முதலாவது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே நிறுத்திவிடும். மூன்றாவது, வேலை தோற்றது என்று அந்த நிரலுக்குத் தெரிவித்து, மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அதனிடமே விட்டுவிடும். நிரல் எழுதுபவர்க்குப் பொருளுள்ள இந்த வேறுபாட்டைக் கடிதம் தட்டச்சு செய்ய வந்தவரிடம் கேட்டார்கள். கேட்பவர், கேட்கப்படுபவர் யார் என்று பார்க்காமல் தம் வீட்டு மொழியில் பேசியது அது.

படிக்காமல் அழுத்தும் பழக்கத்துக்கு வருவோம். 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பாதுகாப்புக்காக அடிக்கடி அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் கேட்டால் எதற்கும் கேளாததற்கு ஒப்பு: கை தானாகவே ‘தொடர்க’ என்பதை நோக்கிப் போகத் தொடங்கியது. விடை சொல்லும்வரை வேறெதையும் தொடவிடாத ‘மோடல்’ பெட்டிகள் இந்தப் பழக்கத்தை மேலும் வளர்த்தன. கேள்வி அங்கே கேள்வியாக இல்லை, வழியை மறித்து நிற்கும் தடையாக இருக்கிறது. வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் ஆகியவற்றை உருவாக்கியவர்களுள் ஒருவரான லாரி டெஸ்லர் இத்தகைய மறிப்புகளை எதிர்த்து வாழ்நாள் முழுதும் வாதிட்டார். தம் காரின் எண்பலகையிலேயே ‘நோ மோட்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தார். கேள்வி கேட்காமல் செய்துவிட்டு, வேண்டாமென்றால் மீட்டுக்கொள்ள வழி வைப்பது நல்ல மாற்று. அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போவதும், அனுப்பிய மின்னஞ்சலைச் சில நொடிகளுக்குள் திரும்பப் பெற முடிவதும் அந்த வழிதான். திரும்ப வராத செயலுக்கு மட்டும் கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியை மக்கள் படிப்பார்கள்.

கேள்வி: எலிசா என்ற பழைய நிரல் மனிதரைப் போல உரையாடியது என்று படித்தேன். அது இலக்கியப் பாத்திரத்தின் பெயர் என்றும் சொல்கிறார்களே?
— முதுகலை மாணவர், மதுரை

பதில்: ஆம். எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஜோசப் வெய்ஸன்பாம் 1966இல் விவரித்த நிரல் அது. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில், பூ விற்கும் எலிசா டூலிட்டில் பயிற்சியால் மேன்மக்கள் மொழியைப் பேசக் கற்கிறாள்; பயிற்றப் பயிற்றத் திருந்திப் பேசும் நிரலுக்கு அவள் பெயரை வைத்தார். அதன் புகழ்பெற்ற வடிவம் ஓர் உளநல மருத்துவரைப்போல் பேசியது. இந்தத் தேர்வில் தந்திரம் இருக்கிறது: உலகத்தைப் பற்றி எதுவும் அறியாதவராக அமர்ந்து, வந்தவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாலும் குறையாகத் தோன்றாத தொழில் அது ஒன்றுதான்.

வேலை செய்த முறை எளியது. வந்த வாக்கியத்தில் முக்கியச் சொல் ஒன்றைத் தேடும். அதற்கென எழுதிவைத்த அச்சின்படி வாக்கியத்தைத் துண்டாக்கும். ‘என்’ என்பதை ‘உங்கள்’ என்று மாற்றித் திரும்பக் கோக்கும். தம் காதலர்தான் தம்மை இங்கே வரச்செய்தார் என்று பயனர் சொன்னால், உங்கள் காதலர் உங்களை இங்கே வரச்செய்தாரா என்று வரும். முக்கியச் சொல் எதுவும் அகப்படாவிட்டால், மேலே சொல்லுங்கள் என்று ஒப்பேற்றும். நன்னூல் வகையில் சொன்னால், வினா எதிர் வினாதல் ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்திய நிரல். எனினும் வெய்ஸன்பாமின் செயலர், அவர் அதை மாதக்கணக்கில் உருவாக்குவதைக் கண்ணால் பார்த்திருந்தும், சில வரிகள் பேசியதுமே அவரை அறையைவிட்டு வெளியே போகும்படி கேட்டுக்கொண்டாராம். தம் ஆக்கம் மக்களை இவ்வளவு எளிதில் மயக்கியது அவரைக் கலங்கவைத்தது. 1976இல் வெளியான தம் நூலில், கணினியிடம் விடக்கூடாத பணிகள் உண்டு என்று வாதிட்டார்.

திருப்பிச் சொல்வதும் உரையாடல்தானே என்று நீங்கள் கேட்கலாம். திருக்குறளின் புலவி நுணுக்கத்தில் தலைவன் சொல்கிறான்:

“யாரினும் காதலம் என்றேனா ஊடினாள்
யாரினும் யாரினும் என்று.”

யாரைக் காட்டிலும் நம் காதல் பெரிது என்று அவன் பெருமையாகச் சொன்ன சொல்லையே எடுத்து, யாரைக் காட்டிலும், யாரைக் காட்டிலும் என்று அவள் திரும்பக் கேட்கிறாள். எழுத்தளவில் எலிசா செய்ததும் இதுதான்: வந்த சொல்லைத் திருப்பி அனுப்புவது. ஆனால் அவள் வாயில் அந்தச் சொல் வேறாகிவிட்டது. அவன் உலகத்துக் காதலர்களை ஒப்பிட்டுச் சொன்னான். தன்னைப் போல் வேறு சிலரையும் இவன் காதலிப்பதாகவும், அவர்களுள் தான் சற்று மேல் என்பதாகவும் அவள் எடுத்துக்கொண்டாள். சொன்னவன் எண்ணிப் பார்க்காத பொருள் ஒன்று கேட்டவளிடமிருந்து வந்து சேர்ந்தது. எலிசாவின் திருப்பத்தில் பொருளைச் சேர்த்தவர் எப்போதும் பயனர்தான்; அறையைவிட்டு மற்றவரை வெளியேற்றிய செயலர் உண்மையில் தம்மோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

கேள்வி: அப்படியானால் இன்றைய அரட்டைச் செயலிகள்? அவை நன்னூலின் எட்டு விடைகளையும் புரிந்துகொள்கின்றனவே. அவை உரையாடுகின்றன என்று ஒப்புக்கொள்ளலாமா?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: ‘கை வலிக்கிறது’ என்றால் மறுப்பு என்று அவை கொள்வது உண்மைதான், பெட்டிகளால் ஒருபோதும் முடியாத செயல் அது. ஒப்புக்கொள்வதற்கு முன், உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். உங்களுக்குத் தெரிந்தவைதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

அரட்டைச் செயலியை இயக்கும் நிரலான மொழி மாதிரிக்குள் போவது நீங்கள் கடைசியாகத் தட்டிய வரி மட்டுமன்று. ஒவ்வொரு முறையும், அதுவரை நடந்த பேச்சு முழுவதும், பயனர் சொன்னது, உதவியாளர் சொன்னது என்று பெயர் குறித்து, ஒரு நாடகப் பிரதியைப் போல் அதன்முன் வைக்கப்படுகிறது. பெரும்பாலும் தொடக்கத்தில் அரங்கக் குறிப்பைப் போன்ற அறிவுறுத்தல் ஒன்றும் இருக்கும். அந்தப் பிரதியில் அடுத்து வரவேண்டிய சொல் எது என்று கணித்துக் கணித்து, உதவியாளரின் வசனத்தை மாதிரி எழுதி முடிக்கிறது. பேச்சு மிக நீண்டு அதன் கொள்ளளவைக் கடந்தால், பழைய பக்கங்கள் வெட்டப்படும் அல்லது சுருக்கப்படும். உரையாடலுக்கெனப் பயிற்றப்படாத ஒரு மாதிரியிடம் இப்படிப்பட்ட பிரதியைக் கொடுத்தால், உதவியாளரின் வசனத்தை முடித்ததும் நிற்காமல், பயனரின் அடுத்த வசனத்தையும் அதுவே எழுதிக்கொண்டு போகும். முதல் பதிலில் சொன்ன ஒற்றைக் கை இங்கேயும் இருக்கிறது; பயிற்சியும், ‘இங்கே நிறுத்து’ என்று காட்டும் குறியும் சேர்ந்து அதைப் பாதிப் பக்கத்தோடு நிறுத்தி வைத்திருக்கின்றன.

இதில் புதுமை குறைவு என்பதற்குக் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்கையே பாருங்கள். இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்விக்குப் பதிலாகத் தட்டச்சில் நடக்கும் உரையாடல் ஒன்றைச் சோதனையாக வைத்த அவரது 1950ஆம் ஆண்டுக் கட்டுரையில், அத்தகைய உரையாடல்களை அவர் தாமே கற்பனையாக எழுதிக் காட்டினார். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தைப் பற்றிக் கவிதை எழுதச் சொன்னால், அதில் என்னைச் சேர்க்காதீர்கள், எனக்குக் கவிதை வராது என்று பதில் வருகிறது. 34957ஐயும் 70764ஐயும் கூட்டச் சொன்னால், ஏறத்தாழ 30 நொடி தயங்கிவிட்டு 105621 என்கிறது. கூட்டிப் பாருங்கள்: 105721 வரவேண்டும். மனிதராக நடிக்கும் இயந்திரம் மனிதரைப்போல் தவறவும் வேண்டும் என்று அவர் வேண்டுமென்றே எழுதினார் என்பது பலர் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது, அந்த 30 நொடித் தயக்கத்தை எழுதியவருக்கு இந்தத் தவறு தெரியாமல் நேர்ந்திருக்காது. கணினி உரையாடலுக்கு அடிப்படையான கட்டுரையின் உயிர்நாடி, நாடகாசிரியர் ஒருவர் எழுதக்கூடிய சில வரிகளில் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேர்விடை: வழக்குரை காதையை அளவுகோலாகக் கொண்டால் இவை உரையாடுகின்றன என்று நான் சொல்லமாட்டேன். பாண்டியன் தன் விடையால் மாறினான். இந்தச் செயலி ஒரு பேச்சின் நடுவில், நீங்கள் சொல்வது சரிதான் என்று பணிவாக ஒப்புக்கொள்ளலாம். மறுநாள் புதிய பேச்சில், முந்தையதைச் சேமித்து மீண்டும் காட்டும் வசதி இல்லாவிட்டால், பழைய நிலையிலேயே தொடங்கும். மாறியது பிரதி, மாதிரி அப்படியே இருக்கிறது. நீங்கள் மாறியிருக்கலாம் என்பது வேறு.

கேள்வி: சிறுகதை எழுதுகிறேன். பேச்சுப் பகுதிகளை வட்டார வழக்கிலேயே எழுத வேண்டுமா, பொதுத்தமிழில் எழுதினால் போதுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் மாந்தர் எதை மறைக்கிறார் என்பது தெரிந்தால் இரண்டிலும் எழுதலாம்; தெரியாவிட்டால் இரண்டும் உதவாது. வழக்குச் சொற்களை வரிக்கு வரி தூவுவது மட்டும் குரலைத் தராது. ஒன்றைக் கவனியுங்கள்: தமிழில் ‘என்றான்’, ‘என்றாள்’ பேச்சுக்குப் பின்னால் வருவது இயல்பு, யார் பேசியது என்று தெரிவதற்கு முன்பே பேச்சு காதில் விழுந்துவிடுகிறது. ஆகவே பேச்சே பேசுபவரைக் காட்டிவிடும்படி எழுதப் பழகினால், ‘என்றாள்’ பலவற்றை நீக்கிவிடலாம்.

கேள்வி: ஒரு செயலியைத் தமிழாக்கும் பணியில் இருக்கிறேன். பொத்தானில் ‘சேமி’ என்று எழுதினால் மரியாதைக் குறைவாக இருக்கிறது, ‘சேமிக்கவும்’ என்று மாற்றுங்கள் என்கிறார்கள் சிலர். எது சரி?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தஞ்சாவூர் ஆசிரியருக்குச் சொன்ன கூற்று, கேட்போர் என்னும் இரண்டையும் இங்கே கேட்டுப் பாருங்கள். பெட்டியில் உள்ள வினா, கணினியின் கூற்று, கேட்பவர் பயனர். பொத்தானில் உள்ள சொல், பயனரின் கூற்று, கேட்பது கணினி. அவர் விரலால் அழுத்துவது தாம் சொல்ல விரும்பும் சொல்லை. ஆகவே வினாவில் ‘மாற்றங்களைச் சேமிக்க விரும்புகிறீர்களா?’ என்று பயனரை மரியாதையோடு கேளுங்கள். பொத்தானில் ‘சேமி’ என்றே விடுங்கள். கருவிக்கு இடும் கட்டளையில் மரியாதை வடிவம் வேண்டியதில்லை. ‘கடவுச்சொல்லை இடவும்’ என்பது கணினி பயனரிடம் கேட்டுக்கொள்வது, அங்கே ‘-உம்’ பொருந்தும். ஆங்கிலத்தில் வினைச்சொல் இரு இடத்திலும் ஒரே வடிவில் நிற்பதால், மூலத்தை எழுதியவர்களுக்கு இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டிய தேவையே எழவில்லை. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

எதிர்மறை வினாவையும் தவிருங்கள். ‘சேமிக்காமல் மூடவா?’ என்று கேட்டு, கீழே ‘ஆம்’, ‘வேண்டாம்’ என்று வைத்தால், ‘வேண்டாம்’ என்பது மூட வேண்டாம் என்பதா, சேமிக்க வேண்டாம் என்பதா என்று பயனர் நின்று யோசிப்பார். அவசரத்தில் இருப்பவர் யோசிக்காமல் அழுத்துவார், எழுதியது போய்விடும். ‘மாற்றங்கள் இன்னும் சேமிக்கப்படவில்லை’ என்று நிலைமையைச் சொல்லிவிட்டு, ‘சேமி’, ‘சேமிக்காமல் மூடு’, ‘திரும்பிப் போ’ என்று மூன்று பொத்தான்களை வையுங்கள். மேலே இருப்பதைப் படிக்காமலே பொத்தானை மட்டும் பார்ப்பவருக்கும் அது விளங்கும்.